ரோகிணியின் மழை விளையாட்டு

1

முதலில் இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டில் நான் ஆசையாகக் கட்டிய வீட்டுக்குள் போன ஐப்பசியில் தண்ணீர் புகுந்தது. மனை பார்க்கப் போன அன்றைக்கு, விற்றவரோடு அவர் மகளும் வந்திருந்தாள். கையில் போன், போனில் ஏதோ விளையாட்டு. நான் பெரிய விவரம் தெரிந்தவன் மாதிரி மண்ணை மிதித்துப் பார்த்துத் தலையாட்டியபோது, அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எதையோ சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை. அல்லது அப்படி நானே இப்போது கற்பித்துக்கொள்கிறேன். வெளியே தூறல் போடுகிறது. ஃப்ரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றிவிட்டு எழுதுகிறேன், அதனால் எழுத்து கொஞ்சம் பதறும்.

2

தொடக்கம் ஒன்று: [திருப்போரூர்க் கோயில் கோபுரத்துக்குப் பின்னால் கருமேகங்கள் திரண்டு] வேண்டாம், காலண்டர் படம்.

தொடக்கம் இரண்டு: ரோகிணி பத்தாம் வகுப்பு. திருப்போரூர்ப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவின் பழைய லேப்டாப்பில் சின்னச் சின்ன விளையாட்டுகள் செய்தே புரோகிராம் எழுதக் கற்றவள். முதல் விளையாட்டில் ஒரு பந்து. அது திரையை விட்டுப் போனது, திரும்பவே இல்லை. சுவரையும் தானேதான் எழுத வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். இரண்டாவதில், ஓடிப்போய் பஸ் பிடிக்க வேண்டும். யார் ஆடினாலும் பஸ் போய்விடும். ஆளைவிட பஸ்ஸுக்கு வேகத்தைக் கூட்டி வைத்திருந்தாள். "நம்மூரு பஸ்ஸு அப்டித்தான்" என்று திருத்த மறுத்துவிட்டாள்.

(இந்த இடத்தில் எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. ஆபத்து. பிடித்துப்போன ஒரு பாத்திரத்தை நாம்)

3

மூன்றாவதுதான் மழை. அப்பா ஹரிஹரன் மனைத் தரகர். அவர் விற்கும் லேஅவுட்டின் வரைபடத்தையே பின்னணியாக வைத்தாள். ஆடுபவர் ஏதாவது ஒரு மனையில் வீட்டை வைத்துவிட்டு 'மழை' என்ற பொத்தானைத் தட்ட வேண்டும். எது மேடு, எது பள்ளம் என்பதெல்லாம் அந்த வழியே பள்ளிக்கு சைக்கிள் மிதித்ததில் தெரிந்தது. தண்ணீருக்கு அவள் எழுதிய விதி ஒரே வரி: பக்கத்துக் கட்டம் தாழ்வாக இருந்தால் அங்கே போ.

ஒவ்வொரு முறையும் தண்ணீர் ரோட்டைப் பார்த்த முதல் வரிசை மனைகளில் போய் நின்றது. விலை கூடின வரிசை. எங்கோ பிழை விட்டிருக்கிறோம் என்று வாரம் முழுக்கத் தேடினாள்.

ஒருநாள் ஹரிஹரன் பின்னால் நின்று பார்த்தார்.

"உனுக்கு யாரும்மா சொன்னது?"

"இன்னாது?"

"தண்ணி இங்கதான் வந்து நிக்கும்னு."

"யாரும் சொல்லலப்பா. அதுவா போவுது. எங்க தப்புன்னு தேடிகினு கீறேன்."

[அவர் முகம் இருண்டது.] பொய். முகமெல்லாம் இருளவில்லை. அந்த நிலத்தில் நெல் போட்டவர் அவர். வாய்க்கால் எந்த இடத்தில் தூர்க்கப்பட்டது என்று அவருக்குத் தெரியாதா? அவர் கேட்ட கேள்வியிலேயே ரோகிணிக்கு விளங்கிவிட்டது. பிழையே இல்லை.

"ஞாயித்துக்கெயம சைட்டுக்கு ஆளுங்க வர்றாங்க. கூட வர்ற பசங்க ஆடட்டும், இத்த வைக்கலாம். அந்தத் தண்ணிய மட்டும் எட்துடு."

"எட்துட்டா மழ எங்கப்பா போவும்?"

"கேமுதானம்மா."

4

தண்ணீருக்கு எழுதிய அந்த ஒரு வரியை அழிக்கக்கூட வேண்டியதில்லை. அதன் முன்னால் ஒரு # போட்டால் போதும், கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிவிடும். வரி அங்கேயே இருக்கும், பொய் சொன்ன மாதிரியும் இருக்காது. எனக்கு அந்த வசதி இல்லை. நான் அடைப்புக்குள் தள்ளியதையெல்லாம் நீங்கள் படித்துவிட்டீர்கள்.

ஞாயிறு மனை பார்க்க வரப்போகிறவள் ரேணுகா. கல்பாக்கத்தில் டெக்னீசியன். வாடகை வீடு மாற்றி மாற்றி அலுத்தவள்.

முடிவு அ: ரோகிணி # போடுகிறாள். ரேணுகா முதல் வரிசையில் வீடு கட்டிக் குடிபோகிறாள். அடுத்த ஐப்பசியில் (எனக்குத் தெரியும், எழுத முடியவில்லை).

முடிவு ஆ: போடவில்லை. தண்ணீர் நிற்கிற இடத்தைப் பார்த்துவிட்டு ரேணுகா எழுந்து போகிறாள். இந்த சீசனில் ஒரு மனைகூடப் போகாத ஹரிஹரன் மகளோடு பேசுவதை நிறுத்துகிறார். அவளுக்கு இருப்பது அந்த ஒரு அப்பாதான்.

இரண்டில் எனக்கு எது வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். என் வீட்டுச் சுவரில் ஈரக்கோடு இன்னும் போகவில்லை. நான் முடிவு எழுதினால் பழி தீர்த்துக்கொண்டதாகிவிடும். அதற்கு ஒரு பள்ளிக்கூடப் பெண்ணா கிடைத்தாள்? பயமாக இருக்கிறது.

5

ஞாயிறு. ஷாமியானா, கூல்ட்ரிங்ஸ். ரோகிணி இன்னும் எதையும் செய்யவில்லை. அந்த வரியின் தொடக்கத்திலேயே கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது. ரேணுகா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீயே பண்ணியா பாப்பா? சூப்பரு. எனுக்கு எந்த மன நல்லாருக்கும்னு இதுல பாத்து சொல்லேன்."

ரோகிணி திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"சொல்லும்மா" என்றார் ஹரிஹரன்.

அதை அவர் எந்தக் குரலில் சொன்னார் என்று எழுதத்தான் காலையிலிருந்து முயல்கிறேன். அதட்டலாக எழுதினால் அவள் # போட்டுவிடுவாள். தணிந்து சொன்னதாக எழுதினால் மழையைத் தட்டிவிடுவாள். இரண்டுக்கும் கை வரவில்லை. நீங்களே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உங்கள் சொந்த மகளிடம் சொல்வதாக நினைத்து.