மலையேறாத வருஷம்

புரட்டாசியில் லைட்ஹவுஸ் குப்பத்து மீனை ஊர் சீந்தாது. அந்த மாதம் ஒரு சனிக்கிழமை குப்பத்துப் பஜனைக் கோஷ்டி வேன் பிடித்து நகரிப் பக்கத்துப் பெருமாள் மலைக்குப் போய்விடும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் உச்சி மண்டபத்தில்தான் பாட்டு, சாப்பாடு, தூக்கம்.

இந்த முறை ஜெகதீஸ்வரனும் வேனில் இருந்தான். ஆனால் அவன் மலையேறக் கூடாது. மனைவி சுபஸ்ரீ தை மாதம் காய்ச்சலில் இறந்துபோனாள். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை யாரும் மலைக்கோயில் ஏறுவதில்லை.

"வூட்டுலயே குந்திக்கினு இன்னா பண்ணப் போற? அடிவாரத்துல இரு, காத்தாச்சும் மாறும்" என்று கோஷ்டித் தலைவர் ஆதிநாராயணன்தான் இழுத்து வந்தார். "பி.காம். படிச்சவன். செருப்பெல்லாம் கரெக்டா பாத்துக்குவே."

வேன் முழுக்கச் சிரிப்பு.

"மாப்ளய செருப்புக்குக் காவல் வெக்கிறியா ஆதி? உன் பாட்டுக்குத்தான் மொதல்ல காவல் போடணும்" என்றாள் சுபஸ்ரீயின் அம்மா கோவிந்தம்மா. ஆதிநாராயணனே சிரித்துவிட்டார்.

கோவிந்தம்மா ஏறலாம். கட்டிக்கொடுத்த மகள் வேறு வீட்டுப் பெண். பெற்றவளுக்கு மூன்று நாள் தீட்டோடு சரி.

அடிவாரத்தில் எல்லோரும் கோவிந்தா போட்டு ஏறிப் போனார்கள். அவன் வேன் நிழலில் உட்கார்ந்தான். எதற்காக வந்தான் என்று யாரிடமும் சொல்லவில்லை. போன புரட்டாசியில் அந்த மண்டபத்துத் தூணில் சாய்ந்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, சுபஸ்ரீதான் முதல் பாட்டை எடுத்தாள். அந்தத் தூணில் ஒருமுறை சாய வேண்டும். வீட்டில் அவளுடையது எதைத் தொட்டாலும் அது வெறும் பொருளாக இருந்தது. புடவை புடவையாக, சீப்பு சீப்பாக. காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை முடிந்து வந்தால் கதவைத் திறக்கிறான், மூடுகிறான். இன்னும் அழவில்லை. மேலே போனால் ஏதாவது நடக்கும் என்று நினைத்தான்.

வெயில் தணிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினான்.

இரண்டாவது திருப்பத்தில் கோவிந்தம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, முட்டி வலியில் பக்கவாட்டாக இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"எங்க மாப்ள?"

"சும்மா."

"சும்மா மலை ஏறுவாங்களா?" படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவனும் கீழ்ப்படியில் உட்கார்ந்தான்.

"நீங்க ஏன் அத்தை எறங்கிட்டீங்க?"

"பொண்ணு எடத்துல குந்தி அவ பாட்ட எடுன்னான் ஆதி. எடுத்தேன். தொண்ட அடைக்காம கொரலு வந்துச்சு மாப்ள. நல்லாவே வந்துச்சு. அதான் பயமாப் போச்சு."

முட்டியை நீவிவிட்டுக்கொண்டாள்.

"நாலாம் நாளே என்னைக் கருவாடு காயவெக்க அனுப்பிட்டாங்க. உனக்கு முடிஞ்சிச்சுன்னாங்க. கல்யாணத்துக்குப் போலாம், மலை ஏறலாம். எவனும் என்னை எதையும் வேணாம்னு சொல்லல. உங்கள மட்டும் எதுக்கெடுத்தாலும் வேணாம் வேணாம்ன்றாங்க."

"அதான் எனக்கு எரியுது அத்தை."

"எனக்கும்தான் எரியுது." அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "உங்க வருசத்துல எனக்குக் கொஞ்சம் குடுங்க மாப்ள."

எப்போது தீரும் என்று அவன் பார்த்துக்கொண்டிருந்த வருஷம் அது. இன்னொருத்தர் வாய்விட்டுக் கேட்கும்படி அதில் ஏதோ இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

மேலே மத்தளம் தொடங்கியது. மேல் திருப்பத்திலிருந்து ஆதிநாராயணன் எட்டிப் பார்த்தார். "யக்கா! இங்க குந்திக்கினு இன்னா பண்ற? ஏறி வா, எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க!"

கோவிந்தம்மா ஜெகதீஸ்வரனைப் பார்த்தாள். அவன் எழுந்து நின்றான். தூண் இன்னும் கொஞ்ச தூரம்தான்.

"அவங்க வரமாட்டாங்கண்ணா" என்று குரல் கொடுத்தான். "எங்களுக்கு இன்னும் வருஷம் திரும்பல."

ஆதிநாராயணன் தலையை ஆட்டிவிட்டு மேலே போய்விட்டார்.

கோவிந்தம்மா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பிடி கனமாக இருந்தது. ஒவ்வொரு படியாக அவளுக்காக நின்று நின்று இறங்கினான். ஒருமுறை மட்டும் மண்டபம் தெரிகிறதா என்று திரும்பிப் பார்த்தான். மரங்கள் மறைத்தன. பாட்டு மட்டும் வேறு யாரோ குரலில் வந்துகொண்டிருந்தது.