நெய்யாற்றின்கரையில் ஒரு படகு

“அக்கா, படகுல தண்ணி ஏறுது!”

விழிஞ்ஞம் கரையில் மீன் பையோடு நின்ற அனுஷா போனைக் காதோடு அழுத்தினாள். போனில் தம்பி வேல்சாமி. ஆரியசாலை அரிசி மண்டியில் தராசு பார்ப்பவன். நீச்சல் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை லீவு என்று மீனவர் ஜெபசிங்கின் படகில் தூண்டில் போடக் கிளம்பியிருந்தான்.

“எங்கலே இருக்கே?”

“தெரியல. எஞ்சின் நின்னுட்டு. அடியில விரிசல். ஜெபசிங் அண்ணன் வாளியால இறைக்காரு. நெட் இல்ல, லொகேஷன் அனுப்ப முடியல. மேப்புல நம்பர் காட்டுது, எழுதிக்கோ. எட்டு… இருபத்திரண்டு, நாற்பத்தஞ்சு. எழுபத்தேழு… சைபர் அஞ்சு, பன்னெண்டு. அக்கா, சார்ஜு…”

போன் செத்தது.

அனுஷா பதறவில்லை. கழக்கூட்டத்தில், கப்பல்களுக்கான மின்னணுக் கடல் வரைபடங்களைத் திருத்தும் கம்பெனியில் அவளுக்கு வேலை. டிகிரியும் நிமிடமும் அவளுக்குத் தினசரிச் சோறு. எட்டு டிகிரி 22.45 நிமிடம், எழுபத்தேழு டிகிரி 5.12 நிமிடம். தோள்பையிலிருந்த டேப்லெட்டை எடுத்து, வரைபடத்தில் மளமளவென்று தட்டினாள்.

போன் பேச்சைக் கேட்டு நின்ற, ஜெபசிங்கின் பக்கத்து வீட்டு ஷைஜு அதற்குள் தன் படகைத் தண்ணீரில் தள்ளி இரண்டு எஞ்சினையும் முடுக்கிவிட்டான். “எவிடே சேச்சி? சொல்லு!”

அனுஷா டேப்லெட்டை அவன் பக்கம் திருப்பினாள். சிவப்புப் புள்ளி கடலில் இல்லை, நிலத்தில் விழுந்திருந்தது.

“நெய்யாற்றின்கரை.”

“எந்தா? உன் தம்பி பஸ் ஸ்டாண்டிலயா வள்ளம் ஓட்டுறான்?”

ஜெபசிங்கின் மனைவி தாசம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “ஏட்டி, சரியாத்தான் எழுதினியா? அங்க என் மனுசன் முங்கிட்டு இருக்காரு!”

“நமக்கு மேற்கே போய்த் தேடலாம்” என்றான் ஷைஜு. “என் கூட்டாளி சுனில்கிட்டயும் ஒரு வள்ளம் எடுக்கச் சொல்லு. அவன் போன் நம்பர் எழுது சேச்சி. தொண்ணூத்தி நாலு, நாற்பத்தி ஏழு…”

அனுஷா எழுதவில்லை. விரல் அப்படியே நின்றது.

இரண்டிரண்டாக! மண்டியில் தராசு 49.85 காட்டினால் வேல்சாமியும் அப்படித்தான் கத்துவான்: “நாற்பத்தொன்பது, எண்பத்தஞ்சு!” அவன் படித்ததில் நிமிடமே இல்லை. வெறும் தசமம். 8.2245, 77.0512. நிமிடம் என்று சேர்த்தது அவள் பழக்கம்.

ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம்; தசமப் பகுதியை அறுபதால் பெருக்கினாள். எட்டு டிகிரி 13.47 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்றால் ஒரு கடல் மைல். தம்பியை ஒன்பது மைல் வடக்கே தள்ளி வைத்திருக்கிறாள்!

இப்போது புள்ளி கடலில், பூவாற்றுக்குத் தெற்கே விழுந்தது.

“மேற்கே வேண்டாம்! தெற்கே, கொஞ்சம் கிழக்கே சாஞ்சு!” படகுக்குள் குதித்தாள்.

“எத்தனை தூரம்?”

“ஒன்பதே முக்கால்.”

“கிலோமீட்டரா?”

“கடல் மைல். பதினெட்டு கிலோமீட்டர்.”

“அப்போ அரை மணிக்கூர். பிடிச்சுக்கோ!”

படகு அலை மேல் துள்ளித் துள்ளிப் பறந்தது. உப்புநீர் முகத்தில் அறைந்தது. டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அனுஷா கத்திக்கொண்டே வந்தாள். “ஆறு மைல்… மூணு… ஒண்ணு…”

புள்ளிக்கு வந்துவிட்டார்கள். யாரும் இல்லை. நாலாபக்கமும் வெறும் தண்ணீர்.

அனுஷா எண்களை மறுபடி சரிபார்த்தாள். “கணக்கு சரிதான் ஷைஜு… சரிதான்…”

ஷைஜு எஞ்சினைத் தணித்துத் தண்ணீரைப் பார்த்தான். “நீரோட்டம் தெற்கே வலிச்சு இழுக்குது. போன் வந்து எவ்வளவு நேரம் ஆச்சு?”

“நாற்பது நிமிஷம்.”

“அப்போ வள்ளம் நீரோட்டத்தோட ஒரு மைலாவது ஒழுகிப் போயிருக்கும்.” படகைத் தெற்கே திருப்பினான்.

ஐந்து நிமிடம் கழித்து, தூரத்தில் வெள்ளையாக ஏதோ ஆடியது. அரிசிச் சாக்கு! அதை உயரத் தூக்கி ஆட்டிக்கொண்டு, முழுகும் படகுக்குள் இடுப்பளவு தண்ணீரில் வேல்சாமி நின்றான். படகின் விளிம்பு மட்டும்தான் வெளியே தெரிந்தது. ஜெபசிங் இன்னும் இறைத்துக்கொண்டிருந்தான்.

ஷைஜு கயிறு வீசினான். அனுஷா தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள். முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு கட்டிக்கொண்டாள்.

“நம்பர் சரியாத்தானே சொன்னேன்?” பல் கிடுகிடுக்கக் கேட்டான் வேல்சாமி.

“நீ சரியாத்தாம்லே சொன்னே. நான்தான் உன்னை நெய்யாற்றின்கரையில கொண்டு வச்சேன்.”

வாளியைக் கையிலிருந்து விடாமலே ஏறி வந்த ஜெபசிங் சிரித்தான். “அங்கயாவது மீன் பட்டுதா?”