பலகை அளவில் ஒரு குந்து

முழங்கால் முறிந்து கிடந்த ஐந்து மாதமும் என்னைக் குளிக்க வார்த்தவள் என் மச்சாள் பத்மாவதி. கிணற்றடியில் கதிரை போட்டு இருத்தி, குழந்தையைத் தேய்ப்பதுபோலத் தேய்ப்பாள். நல்லவள்தான், ஆனால் ஊர்க்கதை முழுக்கச் சொல்லிக்கொண்டே காதுக்குள் தண்ணீர் விட்டுவிடுவாள். ஐம்பத்திரண்டு வயதில் நான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான்: தனியாகக் குளிக்கவேண்டும்.

காங்கேசன்துறையில் இருந்த வெள்ளைக்கார எஞ்சினியர் தன் ஊருக்குப் போகும்போது விற்ற குளியல் தொட்டியை, என் கணவர் கனகசபாபதி எனக்காக வண்டியில் ஏற்றி வந்தார். குளியலறையைப் பெருப்பித்து, தொட்டியின் பக்கங்களைக் கல்லுக் கட்டி மூடி, விளிம்போடு உட்கார ஒரு குந்து வைப்பதென்று முடிவாயிற்று. நான் குந்தில் இருந்து, காலைத் தொட்டிக்குள் விட்டு, வாளியில் அள்ளி வார்ப்பேன். அழுக்குத் தண்ணீரில் ஊறிக் கிடக்கிற பழக்கமெல்லாம் அந்த எஞ்சினியரோடு போகட்டும்.

மேசன் சிமியோன் வந்து எல்லாவற்றையும் நிலத்தில் கரிக்கட்டியால் கீறிக் காட்டினார். அடைப்பெடுக்கக் குழாயடியில் ஒரு சின்னக் கதவு. தண்ணீர் தேங்காமல் குந்துக்கு உட்பக்கச் சரிவு. அரப்புக் கிண்ணமும் எண்ணெய்ப் போத்தலும் வைக்கச் சுவரோரம் ஒரு தட்டு. கடைசியில் குந்தின் அகலம் வந்தது. சிமியோன் என்னைப் பார்த்தார், உடனே முகட்டைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற இவர், என் கணவர், தொண்டையைச் செருமினார். ஒரு பொம்பிளை இருக்க எவ்வளவு இடம் வேண்டுமென்று கேட்க இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

"ஐயா, நீங்கள் ஒருக்கா இருந்து காட்டுங்கோவன்."

இவர் அடுக்கியிருந்த கல்லின்மேல் இருந்து காட்டினார். இவரோ ஒரு முருங்கைக்காய்.

"ஒன்பது அங்குலம் தாராளம்," என்றார் சிமியோன். இவரும் தலையாட்டினார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஒன்பது அங்குலத்தில் நான் இருந்தால் மற்றக் காலும் முறியும். பிறகு சாகும்வரை பத்மாவதிதான். பொல்லை ஊன்றிக் குசினிக்குள் போய், அடுப்படியில் நான் வழக்கமாகக் குந்தியிருக்கிற பலகையைக் கொண்டுவந்து சிமியோன் முன்னால் போட்டேன்.

"உந்த அகலத்துக்குக் கட்டுங்கோ."

சிமியோன் குனிந்து அளந்தார். "பதினாலரை," என்றார், ஒருவரையும் பார்க்காமல்.

"உவ்வளவோ?" இவர் வாய்தவறிக் கேட்டுவிட்டார்.

"ஓம். முப்பது வருஷமாய் உதிலை இருந்துதான் உங்களுக்குச் சமைச்சுப் போட்டனான்."

பதினாலரையே கட்டினார்கள்.

சீமெந்து இறுகி முடிந்த பிறகு வந்த வெள்ளிக்கிழமை, பத்மாவதி வழமைபோலத் துவாயோடு வந்து நின்றாள். நான் துவாயை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவுக் கொண்டியைப் போட்டேன். குந்தில் இருந்தேன். ஆடவில்லை, வழுக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

"மச்சாள், முதுகு தேய்க்க வரட்டோ?"

"வேண்டாம், பத்மாவதி."

"இஞ்சேரும், குந்து அகலம் காணுமோ?" இது இவர்.

"காணும். ரெண்டு பேரும் போய்த் தேத்தண்ணி குடியுங்கோ."

ஆறுதலாக அரப்புத் தேய்த்தேன். ஆறுதலாக வார்த்தேன். காதுக்குள் ஒரு சொட்டும் போகவில்லை.