ஐயா கண்ட செக்கண்ட் ஷை

கம்பசில் பட்டப் படிப்பை நான் பாஸ் பண்ணிவிட்டேன் என்று சொன்ன அன்று ஐயா அதிகம் துள்ளவில்லை. பட்டமளிப்பு விழா முடியட்டும், ஊருக்குச் சொல்லலாம் என்றார். எண்பத்தாறாம் ஆண்டு அது. நாட்டு நிலைமையில் விழா தள்ளிக்கொண்டே போனது. நான் காத்திருக்கவில்லை. முதுகலைமாணிக்குப் பதிந்துவிட்டு, அதே சைக்கிளில் அதே கம்பசுக்கு மறுபடி போகத் தொடங்கினேன்.

அதற்குப் பிறகு ஐயாவின் போக்கே மாறிவிட்டது. காலையில் எனக்கென்று முட்டைக்கோப்பி அடித்து வைப்பார். புறப்படும்போது தலையைத் தடவி, யோசிக்காதே பிள்ளை என்பார். நான் என்னத்தை யோசித்தேன்? ஆராய்ச்சிக்காக உரும்பிராயில் கிணறு கிணறாகப் போய்ப் போத்தலில் தண்ணீர் எடுத்தபோது, தோட்டத்து வேலையைப் போட்டுவிட்டுக் கூடவே வந்து அள்ளித் தந்தார். கொஞ்சம் பரிதாபமாகத்தான் என்னைப் பார்த்தார். மனுசனுக்கு வயது போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கொக்குவிலில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை இராசநாயகம், பட்டதாரி ஆசிரியர். ஆள் நல்லவர்தான். எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று: கலியாணம் என்று சொல்லி என் படிப்பைப் பாதியில் நிறுத்திவிடுவார்களோ?

பெண் பார்க்க மாப்பிள்ளையோடு வந்த அவரின் தாய் குணலட்சுமி தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அருந்ததி இன்னும் கம்பசுக்குப் போகிறாவாமே என்று என்னைப் பற்றி மெல்ல விசாரித்தார். ஐயா கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஓம். ஒருக்காத் தவறிப்போச்சு. செக்கண்ட் ஷை எடுக்கிறாள். அதுக்காக ஒருத்தரும் என்ரை பிள்ளையைக் குறைவாய் நினைக்கக்கூடாது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கம் கம்பசுக்கு முந்தின ஏ.எல். பரீட்சையில் கோட்டைவிட்டவர்கள் அதே வகுப்பில் இருந்து மறுபடி எழுதுவதற்குத்தான் செக்கண்ட் ஷை என்று பெயர். போன இடத்துக்கே திரும்பப் போனால் பெயில். ஐயாவுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். நான் பாஸ் என்று சொன்னதை, தன் மனம் நோகக்கூடாதென்று சொன்ன பொய்யாக எடுத்திருக்கிறார், பாவி மனுசன்.

இராசநாயகம்தான் பொறுமையாக விளக்கினார். முதல் பட்டம் நான் எடுத்து முடித்தாயிற்று; இது அதற்கு மேலே உள்ளது. அதில் பலதையும் படிப்பது, இதில் ஒன்றையே பிடித்துத் தோண்டுவது. நன்றாகச் செய்தவர்களைத்தான் இதற்கு எடுப்பார்கள், தானும் கேட்டுப் பார்த்துக் கிடைக்கவில்லை என்றார்.

ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

குணலட்சுமியின் முகமோ சுருங்கிப்போனது. பெயிலான மருமகளைக்கூட அவர் சமாளித்திருப்பார். மகனைவிடக் கூடப் படித்தவளை எப்படிச் சமாளிப்பது? பெண்பிள்ளைக்கு ஒரு பட்டமே காணும்தானே, இதோடு நிறுத்தினால் நல்ல நாள் பார்க்கலாம் என்றார்.

நான் ஐயாவைப் பார்த்தேன். இந்தச் சம்பந்தத்துக்காக ஐயா எவ்வளவு ஆசையாக அலைந்தார் என்பது எனக்குத் தெரியும். அவர் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார்.

"பெயில் எண்டு நினைச்ச நேரமே நான் இவளை மறிக்கேல்லை. இப்ப மறிப்பனோ?"