பனியனுக்கு மேல் ஒட்டிய இடுப்பெலும்பு

மனித உடம்பின் கீழ்ப்பாதி எப்படி அசைகிறது என்று கணினிக்குப் புரியவைக்க, அதன்மேல் பதினாறு உருண்டைகளை ஒட்ட வேண்டும். கோலிக்குண்டு அளவில், வெள்ளியாய்ப் பளபளக்கும். இடுப்பெலும்பின் முன்முனைகளில் இரண்டு, முதுகடியில் குழி விழும் இடத்தில் இரண்டு. பிறகு தொடை, முழங்கால், கெண்டை, கணுக்கால், குதிகால், பாதம் என்று காலுக்கு ஆறு. சுற்றி நிற்கும் கேமராக்கள் ஆளைப் பார்ப்பதில்லை, உருண்டைகளை மட்டுமே பார்க்கும். ஆகவே உருண்டைக்குக் கீழே தோல், தோலுக்குக் கீழே எலும்பு, நடுவில் வேறொன்றும் இருக்கக் கூடாது. உலகம் முழுக்க இதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். எங்கள் விளையாட்டுக் கல்லூரிப் பேராசிரியர் ராதிவொய் ஷ்க்ரிஞார் மட்டும் பாக்கி.

அவர் கணினியைவிடக் குறுக்குக் காற்றை அதிகம் நம்பினார். செர்பியாவில் காதுவலி, கழுத்துப் பிடிப்பு, குழந்தையின்மை, தேர்தல் தோல்வி எல்லாவற்றுக்கும் எதிரெதிர் ஜன்னல் வழியாக வரும் காற்றுதான் காரணம். அது வெறும் இடுப்பில் பட்டால் சிறுநீரகம் போயிற்று. வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் நின்றால் மிச்சமிருப்பதும் போயிற்று. ஆய்வுக்கூடமோ அடித்தளத்தில், டைல்ஸ் தரையோடு இருந்தது. எனவே அளக்க வருகிறவர்கள் நீளப் பனியனை அரைக்கால் சட்டைக்குள் செருகிக்கொள்ள வேண்டும் என்பது அவர் சட்டம். வாசலில் ஒரு கூடை நிறையக் கம்பளிக் காலுறைகள், பேராசிரியரின் மனைவி பின்னியவை. இடுப்பு உருண்டைகள் பனியன்மேல், பாத உருண்டைகள் கம்பளிமேல்.

முழங்கால் வெறுமையாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே ஒட்ட வேண்டுமென்றால் காலை மடக்கி நீட்டச் சொல்லி, விரலால் தடவி, எந்த இடம் அசையாமல் நிற்கிறது என்று தேட வேண்டும். அதற்குக் குனிய வேண்டும். பேராசிரியருக்கும் குனிவதற்கும் நடுவில் ஒரு வயிறு இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாலேயே அளந்து, எட்டி ஒட்டிவிடுவார். அனுபவப்பட்ட கண் என்பார்.

நான் அவருடைய ஆராய்ச்சி மாணவன். டேப் கிழித்துக் கொடுப்பது என் ஆராய்ச்சி. ஒரே ஒருமுறை ஆட்சேபித்தேன். அந்தப் பருவம் முழுக்கக் காலுறை துவைத்தேன்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் துன்யா வந்தாள். ஹேண்ட்பால்காரி. போன வருஷம் வலது முட்டியில் தசைநார் அறுந்து, அறுவை சிகிச்சை முடிந்து, மாதக்கணக்காகப் பயிற்சி எடுத்துத் தேறியிருந்தாள். சனிக்கிழமை ஆட்டத்துக்குள் முட்டி சரியாகிவிட்டதென்று ஷ்க்ரிஞார் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் அவள் இடம் இன்னொருத்திக்கு. ஒப்பந்தமும் அத்தோடு முடிந்தது. அந்த இன்னொருத்தி ஏற்கெனவே துன்யாவின் அலமாரியில் தன் ஷூவை வைத்திருந்தாளாம்.

புதன்கிழமை பனியனும் கம்பளியுமாக அவள் நடந்தாள், குதித்தாள், இறங்கினாள். திரையில் எலும்புக்கூடு நடந்தது. முட்டி மடங்க மடங்க, கீல் கழன்ற கதவைப்போல உள்பக்கம் சாய்ந்தது. நேராக மடங்கும் காலைக்கூடக் கோணலாகக் காட்ட, முட்டியின் பக்கவாட்டில் ஒட்டும் உருண்டை இரண்டு விரல் தள்ளியிருந்தாலே போதும். துன்யாவின் உருண்டை மூன்று விரல் தள்ளியிருந்தது.

பேராசிரியர் பரம திருப்தியோடு நாக்கைச் சப்புக்கொட்டினார். வலியே இல்லை, நேற்றுகூட முழுப் பயிற்சி எடுத்தேன் என்றாள் அவள்.

"வலிக்கலைங்கறவங்களுக்குத்தான்மா உள்ள பெருசா இருக்கும்" என்றார். "இந்த சீசன் வீட்ல உக்காரு. கால்ல ஏதாவது மாட்டிக்கிட்டு உக்காரு."

துன்யா காலுறையைக் கழற்றிக் கூடையில் போட்டாள். போட்டாள் என்பது நாகரிகத்துக்காகச் சொல்வது.

அப்போது எனக்கு ஒரு விஷயம் தோன்றியது. அதை நியாய உணர்ச்சி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அறிக்கையில் ஆரோக்கியமான ஒருவரின் அளவையும் பக்கத்தில் வைத்தால் துன்யாவின் கிளப் டாக்டர் மறுத்து வாயைத் திறக்கமாட்டார் என்று மிகப் பணிவாகச் சொன்னேன். பேராசிரியர் ஆரோக்கியமான ஒருவரைத் தேடிச் சுற்றிலும் பார்த்தார். என்னைப் பார்த்தார், சிகரெட் நாற்றம் அடித்ததோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு தன் பெல்ட்டைக் கழற்றினார்.

அவர் சொன்ன முறையிலேயே, சொன்ன இடத்திலேயே ஒட்டினேன். முன்பக்க இடுப்பெலும்பைக் காணவில்லை என்று தெரிவித்தேன்.

"பெல்ட் போடற எடத்துல இருக்கும்டா, ஒட்டு. முட்டியத் தடவாத, கூசுது."

நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் பனியன் வயிற்றோடு மேலேறி இறங்கியது. திரையில் இரண்டு முட்டியும் வெளிப்பக்கமாக, தவளைக்கு மடங்குவதுபோல் மடங்கின. இடுப்பு கால்களைவிட்டுக் கிளம்பி, பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவரைப்போல ஓர் அடி முன்னால் போய்க்கொண்டிருந்தது.

துன்யா திரைக்கு அருகே போய்ப் பார்த்தாள்.

"சார், உங்களுக்கு என்னைவிட மோசமா இருக்கு" என்றாள். "சனிக்கிழமை நீங்களும் வெளையாடாதீங்க."

அவருக்கு இரண்டே வழிதான் இருந்தது. ஒன்று, உருண்டைகள் தப்பு. இல்லை, உடம்பு தப்பு. முதலாவதைத்தான் சொல்வார், சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நான் நினைத்தேன். அவரைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்து, இரண்டு முட்டியையும் குழந்தையின் தலையைத் தடவுவதுபோல் தடவினார்.

"எனக்கு ரொம்ப நாளாவே சந்தேகம்டா" என்றார்.

மறுநாள் காலையில் மருத்துவ விடுப்பில், காப்பீட்டுச் செலவில், வெந்நீர் ஊற்று விடுதிக்குப் போய்விட்டார். கல்லூரி வாசல் படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். முந்தின நாள்வரை அந்தப் படியில் என்னை முந்திக்கொண்டு இறங்கி, இறைச்சி வைத்துச் சுட்ட புரேக் தின்னக் கடைக்குப் போனவர் அவர்.

கையெழுத்துப் போடும் பொறுப்பு இணைப்பேராசிரியர் வீதாவிடம் வந்தது. வெள்ளிக்கிழமை அவர் துன்யாவைக் காலுறையைக் கழற்றச் சொன்னார், பனியனை மேலே சுருட்டச் சொன்னார். அவரும் இந்த ஊர்க்காரர்தான். முதலில் எல்லா ஜன்னலையும் சாத்தி, கதவிடுக்கில் துண்டைச் செருகிவிட்டுத்தான் இதையெல்லாம் சொன்னார். பிறகு மண்டியிட்டு, முட்டியை மடக்கி நீட்டவைத்து, விரலால் எலும்பைத் தேடினார். ஒரு முட்டிக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஷ்க்ரிஞார் ஒரு முழு அணியையே ஒட்டி முடித்திருப்பார். துன்யா நடந்தாள், குதித்தாள். திரையில் இரண்டு முட்டியும் இரட்டைப் பிள்ளைகளைப்போல ஒன்றுபோலவே மடங்கின. வீதா கையெழுத்துப் போட்டார். துன்யா அந்தத் தாளை வாங்கி இரண்டுதரம் படித்துவிட்டு, கூடையை ஓர் உதை உதைத்தாள். வலது காலால்.

சனிக்கிழமை அவள் ஆடினாள், அணி ஜெயித்தது. இன்னொருத்தியின் ஷூ அலமாரியிலிருந்து வெளியே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை துன்யாவுக்கு ஜலதோஷம் பிடித்தது.

செய்தி எப்படிப் போனதோ, மத்தியானத்துக்குள் விடுதியிலிருந்து எனக்கு போன் வந்தது. பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம்.

"வெறுங்கால்லயா நிக்க வெச்சீங்க?"

ஆமாம் என்றேன். முட்டி மட்டும் ரொம்ப நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

"முட்டிய யாருடா கேட்டா? மூக்கச் சொல்லு."

சொன்னேன். இத்தனை வருஷத்தில் அவர் குரலில் அவ்வளவு நிம்மதியை நான் கேட்டதில்லை. இருந்தாலும் காலத்துக்கு ஏற்ப மாறிக்கொள்பவன்தான் விஞ்ஞானி, வீதாவின் முறையிலும் ஏதோ இருக்கத்தான் செய்கிறது, யோசித்து வழி பண்ணுகிறேன் என்றார்.

அடுத்த வாரம் அவர் வீட்டிலிருந்து புதுக் கூடை வந்தது. அதே கம்பளிக் காலுறைகள். ஆனால் இந்த முறை, உருண்டை நேரே தோலில் ஒட்டுவதற்கு வசதியாக, குதிகாலிலும் பாதத்திலும் அழகாக ஓரம் தைத்த துளைகள். எங்கெங்கே துளை வரவேண்டும் என்று பேராசிரியரே கண்ணால் அளந்து மனைவிக்குச் சொல்லியிருக்கிறார்.

ஒரு ஜோடியைப் போட்டுப் பார்த்தேன். குதிகால் துளை வழியாக என் கணுக்கால் தெரிந்தது.