சுற்றிவரும் எண்

சிம்மக்கல்லில் லாட்டரிச் சீட்டு விற்கும் உக்கிரபாண்டி, "சார், கூட்டுத்தொகை ஒம்பது வருது, ராசியான நம்பரு" என்று ஒன்றை நீட்டினார். கணக்கு வாத்தியாரான எனக்கு, எண்ணில் ராசி பார்ப்பவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். திட்டத்தான் வாயெடுத்தேன். எண்ணைப் பார்த்ததும் வாங்கிவிட்டேன்: 142857!

வீட்டில் மனைவி ஸ்யாமளாவிடம் விளக்கினேன். இரண்டால் பெருக்கினால் 285714, மூன்றால் பெருக்கினால் 428571. ஆறால் பெருக்கும்வரை அதே இலக்கங்கள் அதே வரிசையில் சுற்றிவரும். ஏழால் பெருக்கினாலோ எல்லாமே ஒன்பது. அவள் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

குலுக்கல் முடிந்து பேப்பரில் முடிவு வந்தது. முதல் பரிசு 285714.

"சரியா நம்ம நம்பரோட ரெண்டு மடங்குடி!" என்று துள்ளினேன்.

ஸ்யாமளா பேப்பரை வாங்கிப் பார்த்தாள்.

"அப்போ ரெண்டு சீட்டா வாங்கியிருக்கப்படாதோ?"