சூடு ஆறாத கட்டில்

உலகத்திலேயே செலவில்லாத ஊர் வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருக்கிற லாங்யேர்பியன்தான் என்பது ரொடேலின் தீர்மானமான முடிவு. விடுதியின் சலவை அறையில், உலர்த்தியிலிருந்து வந்த தலையணை உறைகளை நான்காக மடித்து அடுக்கிக்கொண்டே அவன் அதை விளக்கினான். முகத்தில் சிரிப்பில்லை. தீர்ப்பு வாசிக்கிற நீதிபதிக்குக்கூட அவ்வளவு நிதானம் வராது.

"யோசிச்சுப் பாருங்கக்கா. இந்தத் தீவுல மரமே கிடையாது. மரமில்லன்னா சருகு கூட்டுற வேலை இல்ல. சொந்தக்காரன் எவனும் வந்து தங்க மாட்டான். விமான டிக்கெட் விலையப் பாத்ததுமே அவனுக்குப் பாசம் வடிஞ்சுடும். கிறிஸ்துமஸுக்குப் பரிசு கேட்டு ஞானப்பிள்ளைங்க வாசல்ல வரிசையா வந்து நிக்காது. ஊர்ல எனக்குப் பதினோரு ஞானப்பிள்ளைங்க. இங்க ஒண்ணுகூட இல்ல. இதெல்லாம் மிச்சமில்லையா?"

"அப்புறம் ஏன்டா கடைல தக்காளிய ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிட்டு வர்றே?" என்றாள் நெனிடா. அவளும் அவனைப் போலவே பிலிப்பைன்ஸ்காரி. சலவை இயந்திரத்துக்குள் பாதி உடம்பை நுழைத்துப் போர்வைகளை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு சாப்பிட்டா புளிப்பு ஏறும். நான் உடம்பப் பாத்துக்கிறேன்."

ஜன்னலுக்கு வெளியே நண்பகல். தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டாற்போல் நீலம் மட்டும் இருந்தது. சூரியன் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. குட்டைக் கால் மான் ஒன்று விளக்குக் கம்பத்தின் கீழே நின்று, பனிக்கு அடியில் எதையோ வெகுநேரமாகத் தேடிக்கொண்டிருந்தது.

ரொடேலின் தத்துவத்துக்கு ஓர் அஸ்திவாரம் உண்டு. விடுதியின் பின்கட்டில் அவனுக்குத் தனி அறை இருந்தது. மலையைப் பார்த்த ஜன்னல். வாடகையைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வதால், அவன் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காத செலவு செலவே இல்லை என்பது தத்துவத்தின் இரண்டாம் பகுதி.

நெனிடாவுக்கு அந்த வசதி இல்லை. அவளும் பிரானி என்ற தாய்லாந்துக்காரியும் சேர்ந்து ஓர் அறை எடுத்திருந்தார்கள். அறையில் ஒரே கட்டில். பிரானிக்கு ரொட்டிக்கடையில் இரவு வேலை. பகலில் அவள் தூங்குவாள். நெனிடா வேலை முடிந்து வந்ததும் எழுந்து கிளம்புவாள். பிறகு கட்டில் நெனிடாவுடையது. விரிப்புகள் வேறு வேறு, மெத்தை ஒன்று. அது குளிர்ந்து யாரும் பார்த்ததில்லை.

அதைவிட, கனவு விஷயம்தான் ரொடேலுக்கு விருந்து. சூடு ஆறாத படுக்கையில் படுப்பதால் ஒருத்தியின் கனவில் மிச்சமிருப்பது மற்றவளுக்கு வந்துவிடுகிறதாம். கதவருகே ஒருத்தி காலில் சப்பாத்தை மாட்டும்போது மற்றவள், "இன்னிக்கு என்ன பாத்தே?" என்று கேட்டு வைத்துக்கொள்வாளாம்.

"நேத்து எனக்கு ஒரு எருமை வந்துச்சு," என்றாள் நெனிடா. "தண்ணில முங்கிக்கிட்டு மூக்கை மட்டும் காட்டுது. நான் எருமை வளத்ததே இல்ல. அது பிரானியோடது."

"எருமை வாடகைல பங்கு குடுத்துச்சா?"

"சிரிடா, சிரி."

"இல்லக்கா, கேக்கணுமில்ல. மூணு பேரு படுத்தா மூணுல ஒரு பங்குதான் நியாயம். மனுஷன் அடுத்தவன் சட்டையப் போடலாம், அடுத்தவன் சப்பாத்தப் போடலாம். அடுத்தவன் சூட்டுல போய்ப் படுக்கிறவன் பாதி மனுஷன்தான்."

அப்போதுதான் மேலாளர் தூருன் வந்தாள். இந்த ஊரில் சப்பாத்தை வாசலிலேயே கழற்றிவிடுவதால் மேலாளர்கள் வருவது காதில் விழாது. கம்பளிக் காலுறையோடு அவள் அடுக்கின் பக்கத்தில் நின்றாள். சூரியன் திரும்புகிற பருவத்துக்கு வழக்கத்தைவிட அதிகமாக ஆட்கள் வருகிறார்கள் என்றாள். பின்கட்டு அறைகளை மே முடியும்வரை விருந்தினருக்கு விடப்போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

"உனக்கு ஒண்ணும் சிரமம் இருக்காது ரொடேல். இங்க செலவில்லாம வாழத் தெரிஞ்சவன் நீதான்னு எல்லாரும் சொல்றாங்க," என்றாள். உண்மையிலேயே பாராட்டாகத்தான் சொன்னாள்.

"ஊருக்குள்ள இடம் கிடைக்கலன்னா?"

தூருன் தலையணை உறை ஒன்றை எடுத்து, ஏற்கெனவே சரியாக இருந்த மடிப்பைச் சரிசெய்தாள். "தங்க இடமில்லாதவங்கள வேலைல வச்சுக்க முடியாதே. டிக்கெட் நாங்களே எடுத்துக் குடுத்துடுவோம்."

ஊருக்குத் திரும்புகிற டிக்கெட். ரொடேல் அடுத்த உறையை எடுத்து மடித்தான். இலோய்லோ நகரத்தில் அவன் மாமனாருக்கு வாரம் இரண்டு முறை இரத்தத்தைச் சுத்தம் செய்கிற இயந்திரம் ஓடியது. அது ஓடுவது இவன் மடிக்கிற தலையணை உறைகளில்தான்.

அவன் தேட ஆரம்பித்தான். கடை வாசலில் இருந்த பலகையில் இரண்டு அறைகள் வாடகைக்கு என்று ஒட்டியிருந்தது. இரண்டுக்கும் அவன் சம்பளம் போதாது. ஒன்றுக்கு, சம்பளம் இரண்டு மடங்கானாலும் போதாது. பனி ஸ்கூட்டர் பழுது பார்க்கிற ஒருவர் தன் கொட்டகையில் ஒரு மூலை தருவதாகச் சொன்னார்.

"சூடாத்தான் இருக்கும். வண்டி விறைக்கக் கூடாதுன்னு ஹீட்டர் எப்பவும் ஓடும்," என்றார்.

ரொடேல் சரி என்றான். மறுநாள் அவரே தேடி வந்து மன்னிப்புக் கேட்டார். ஆள் புழங்கினால் கதவு அடிக்கடி திறக்கும், வண்டிக்கு ஆகாது என்று மனைவி சொல்லிவிட்டாளாம்.

மாதத்தின் கடைசி வாரத்தில், போர்வை மடிக்கும்போது நெனிடாவே பேச்சை எடுத்தாள். "விதுன் அண்ணன்கிட்ட பாதிக் கட்டில் காலியா இருக்கு. ராத்திரியெல்லாம் விமான தளத்துல பனி தள்ளப் போயிடுவாரு. பகல்லதான் தூங்குவாரு."

"நான் என்ன எருமையாக்கா?"

"எருமையப் பத்திப் பேசாத. அது உன்னவிட நிம்மதியாத் தூங்குது."

விதுனுக்கு ஐம்பது வயதிருக்கும். அறையைச் சுற்றிக் காட்ட அவருக்கு நடக்க வேண்டியிருக்கவில்லை. நின்ற இடத்திலேயே திரும்பினால் போதுமாயிருந்தது. இந்த ஆணி என்னோடது, அந்த ஆணி உன்னோடது. ஜன்னல் ரெண்டு பேருக்கும்.

"கனவு கினவுன்னு எங்கிட்ட எதுவும் கேக்க வேண்டாம்ணே," என்றான் ரொடேல்.

"நான் வாடகை மட்டும்தானே தம்பி கேட்டேன்."

முதல் நாள் மாலை விதுன் கிளம்பிப் போனதும் ரொடேல் தன் விரிப்பை விரித்தான். கையை வைத்துப் பார்த்தான். மெத்தையின் நடுவில், ஒரு மனிதன் ஒருக்களித்துப் படுத்த பள்ளம் வெதுவெதுப்பாக இருந்தது. அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தான். மெத்தை கல்லாய்க் குளிர்ந்த பிறகே ஏறிப் படுத்தான். குளிர்ந்த மெத்தையில் தூக்கம் வரவில்லை. தினமும் அப்படியே செய்தான். வேலையில் நின்றபடியே கண் சொருகியது; ஒருநாள் துண்டுகளை வைக்கிற அலமாரியில் தன் மதியச் சோற்றை மடித்து வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி மாரிவிக் வீடியோவில் வந்தாள். அப்பாவுக்கு இந்த வாரம் பரவாயில்லை, சுட்ட மீன் கேட்டுச் சாப்பிட்டார் என்றாள். ரொடேல் ஃபோனைத் திருப்பி மலையைக் காட்டினான்.

"மலை இடம் மாறின மாதிரி இருக்கே," என்றாள்.

"பனி விழுந்தா அப்படித்தான் தெரியும்."

"அது யாரு கோட்டு?"

"இந்தக் குளிருக்கு ஒரு கோட்டு போதாது."

"சரி. கீழ ரெண்டு ஜோடி செருப்பு கிடக்குதே, உனக்கு எப்பலேர்ந்து ரெண்டு அளவுல காலு?"

ரொடேல் மறுபடி மலையைக் காட்டினான். அவள் மலையைப் பார்த்தாள். பிறகு, "நல்ல மலைதான்," என்றாள்.

அவனுடைய பழைய அறை இப்போது அவன் சுத்தம் செய்கிற அறைகளில் ஒன்று. உள்ளே இரண்டு கட்டில்களைப் போட்டிருந்தார்கள். தங்கியிருந்தவர் ஒரே ஆள். சூரியன் திரும்புவதைப் படம் எடுக்க வந்தவர், நல்ல மனிதர், தினமும் நன்றி சொல்வார். இரண்டாவது கட்டிலில் அவருடைய காமிராக்கள் படுத்திருந்தன. வெளிக் குளிரிலிருந்து வந்தவை மெதுவாகச் சூடேற வேண்டும் என்று கழுத்துவரை போர்த்தி வைத்திருந்தார். யார் படுத்தாலும் படுக்காவிட்டாலும் எல்லாக் கட்டில்களுக்கும் விரிப்பு மாற்ற வேண்டும் என்பது விடுதியின் விதி. ரொடேல் தினமும் காமிராக்களை ஒவ்வொன்றாக, குழந்தையைத் தூக்குவதுபோல் கழுத்தைத் தாங்கி எடுத்து மேசையில் வைத்தான். கசங்காத விரிப்பை உருவிப் புது விரிப்பை இழுத்து மாட்டினான். மறுபடி அவற்றைப் படுக்க வைத்துப் போர்த்தினான்.

மார்ச் மாதம் சூரியன் ஊருக்குள் வருகிற நாளில் ஊரே கூடியது. பழைய மருத்துவமனைப் படிக்கட்டில் குழந்தைகள் முகத்தில் மஞ்சள் வண்ணம் பூசிக்கொண்டு சூரியனைக் கூப்பிட்டார்கள். கூச்சல் விடுதிவரை கேட்டது. படம் எடுப்பவரும் ஒரு காமிராவோடு போயிருந்தார். ரொடேல் விரிப்போடு நின்றுகொண்டிருந்தபோது, ஜன்னல் ஓரத்தில் தேன் நிறத்தில் ஒரு கோடு வந்தது. அது சுவரில் இறங்கி, தரையைத் தாண்டாமல் நேராக இரண்டாவது கட்டிலில் ஏறி, தலையணையில் கொஞ்ச நேரம் தங்கியது. அறைக்குள் நான்கு மாதமாக இல்லாத தூசியெல்லாம் பொன்னாக மிதந்தது. ரொடேல் அசையவில்லை. வெளியே கூச்சல் தேய்ந்து, வெளிச்சம் கட்டிலை விட்டு இறங்கிப் போகும்வரை விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்தபடியே நின்றான். பிறகு உதறிப் போட்டான்.

மாலையில் அறைக்குப் போனபோது விதுன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலுறை மாட்டிக்கொண்டிருந்தார். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது.

"சூரியனப் பாத்தியா தம்பி?"

"பாத்தேன்ணே. ஆளில்லாத கட்டில்ல வந்து படுத்துச்சு, எந்திரிச்சுப் போயிடுச்சு."

விதுன் தலையாட்டிக்கொண்டார். தன் விரிப்பைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். கோட்டு மாட்டி, கழுத்துத் துணியைச் சுற்றி, கதவருகே குனிந்து சப்பாத்தின் கயிற்றைக் கட்டினார். ரொடேல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு தொண்டையைக் கனைத்தான்.

"என்ன பாத்தீங்க இன்னிக்கு?"

குரல் அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை. விதுனுக்குக் கேட்டது. அவர் நிமிரவில்லை, சிரிக்கவும் இல்லை.

"ஒரு வீடு," என்றார். "பெரிய வீடு. எல்லா ஜன்னலும் திறந்து கிடக்குது. யாருமே இல்ல. உள்ள போறதுக்குள்ள அலாரம் அடிச்சுடுச்சு. போய்ப் பாரு, கதவு பூட்டல."

அவர் போன பிறகு ரொடேல் தன் விரிப்பை விரித்தான். நாற்காலியில் கோட்டைப் போட்டான். மெத்தைப் பள்ளத்தில், அவர் படுத்திருந்தது போலவே ஒருக்களித்துப் படுத்து, சூடு ஆறுவதற்குள் அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டான்.